எண்பத்தேழு நாட்கூலிக்கு ஒரு மட்டை

பெரிய கம்பெனியின் முத்திரை பதித்த கிரிக்கெட் மட்டை கொடுத்த விலைக்குத் தகுமா என்று பொகவந்தலாவை பஸ் தரிப்பிடத்திலும், கோயில் திருவிழாவிலும், ஏன், சென்ற மாதம் ஒரு மரண வீட்டிலுங்கூட என்னை மறித்துக் கேட்கிறார்கள். கேட்பவர்களுள் சிலர் உண்மையில் அறிந்துகொள்வதற்காகக் கேட்பவர்கள். ஏனையோர், என் அக்காள் மகனுக்கு வாங்கிய மட்டைக்கு நேர்ந்த கதியை என் வாயாலேயே சொல்லவைத்துச் சிரிப்பதற்காகக் கேட்பவர்கள். இரு சாராருக்கும் ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம் என்று தோன்றியதால் எழுதுகிறேன். தகாது என்பதே என் அபிப்பிராயம். எனக்குத் தகாதது உங்களுக்கும் தகாது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் இதை வாசிக்கும் நீங்களும் என்னைப் போலவே மழையும் பனியும் மாறி மாறி வரும் ஒரு மலையில், விறகடுப்புப் புகையும் லயத்து வீட்டில், சீட்டுக் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்பவராகவே இருப்பீர்கள்.

தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முழங்கால் இடங்கொடுத்த காலம் வரையில் எங்கள் தோட்டத்து அணியின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரனும் நானே. கரையோரத்துப் பிள்ளைகளுக்குத் தென்னை மட்டை உண்டு. அதன் அடிப்பாகத்தைச் சற்றே செதுக்கினால் ஆட்டத்துக்கு ஆயத்தம். எங்கள் உயரத்தில் தென்னைக்கு எங்கே போவது? தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு மரத்தின் கொப்பு காற்றில் முறிந்து விழும் நாளுக்காகக் காத்திருந்து, கவ்வாத்துக் கத்தியால் செதுக்கி, பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றி ஆடினோம். தேயிலைப் பெட்டிப் பலகையிலும் முயன்றோம். அது மெல்லிய ஒட்டுப்பலகை, இரண்டாவது பந்துக்கு நிற்காது. இதே மலைநாட்டில், தரவளையிலும் ரதல்லவிலும், துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கழகம் அமைத்து, புல்தரை விரித்து, சீமையிலிருந்து கப்பலில் வந்த மட்டைகளால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மட்டைகளைத் தூரத்திலிருந்து பார்த்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆகவே பெயர் பொறித்த மட்டை என்றவுடன் எங்கள் மக்களுக்கு உள்ளூர ஒரு மயக்கம் எழுவதில் அதிசயமில்லை. கடைக்காரர்களும் பயிற்றுநர்களும் அந்த மயக்கத்தின் மேல்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

அக்காள் மகன் ஹட்டனில் ஒரு பாடசாலையின் அணிக்குத் தெரிவானபோது வீட்டில் விளக்கேற்றிப் பொங்கல் வைத்தார்கள். அவன் முத்தையா முரளிதரனைத் தெய்வமாக வரித்துச் சுழற்பந்து வீசியிருந்தால் எங்கள் குடும்பத்துக்குச் செலவே இருந்திராது. தேயிலை மலைக்குக் கூலியாக வந்த ஒருவரின் பேரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தது, பாடசாலை கொடுத்த பந்தைப் பிடித்துத் தொடங்கிய கையினால்தான். பையனோ துடுப்பெடுத்தாட விரும்பினான். அணியின் பயிற்றுநராக அப்போது இருந்தவர், அவர் யாரென்று இங்கே எழுதமாட்டேன், அவனைத் தனியே அழைத்து, “இந்தக் காஷ்மீர் மட்டையோட நீ மாகாண டீமுக்குப் போகேலாது; கம்பெனி பெட் ஒண்டு எடு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு மாணவனின் முன்னங்கால் எங்கே போய் ஊன்றுகிறதென்று பார்க்க நேரமில்லாத மனிதருக்கு, அவன் கையிலிருக்கும் மரத்தின் பெயரைப் பார்க்க மாத்திரம் நேரமிருந்தது.

அந்த மட்டையின் விலை 118,000 ரூபா. 2024 செப்டெம்பரிலேதான் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் ஆயிரத்திலிருந்து 1,350 ரூபாவாக உயர்ந்திருந்தது; அந்தக் கணக்கில் என் அக்காள் ஏறக்குறைய 87 நாட்கள் மலையேறிக் கொழுந்து பறித்தால் ஒரு மட்டை. அதுவும் ஒவ்வொரு நாளும் எடை நிறைந்திருக்க வேண்டும். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். தீபாவளி முற்பணத்தையும், அக்காளுக்கு விழுந்த சீட்டையும், என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியையும் சேர்த்தோம். இவ்வளவு விலை ஏன் என்று கேட்டால் நியாயமான காரணங்களும் இரண்டு உண்டு, அவற்றை மறைக்கமாட்டேன்: 2022இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதில் இறக்குமதிப் பண்டம் யாவும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று; அத்தகைய மட்டைகள் செய்யப்படும் இங்கிலீஷ் வில்லோ என்னும் மரமும், இங்கிலாந்தின் எசெக்ஸ், சஃபோக் பக்கத்து ஈரநிலங்களில் பதினைந்து இருபது வருஷம் வளர்ந்தே வெட்டப்படுவதாகையால், உலகெங்கும் கேட்போர் பெருகப் பெருக அருகிவருகிறது.

கொழும்பில் அந்தக் கடைக்கு நானே போனேன். கண்ணாடி அலமாரிக்குள் மட்டைகள் விளக்கொளியில் நின்றன. விற்பனைக்கு நின்ற வாலிபர் மிகுந்த மரியாதையுடையவர். “சேர், சேர்” என்று என்னை ஒரு நாற்காலியில் இருத்திவிட்டு, மட்டையைத் தட்டி ஓசை கேட்கச் செய்து, இது முதல் தரம், கம்பெனியிலேயே அடித்துப் பதப்படுத்தியது, எண்ணெய் போட வேண்டியதில்லை, இன்றைக்கு வாங்கினால் நாளைக்கு ஆடலாம் என்று சொன்னார். நீங்கள் எவ்விடம், எத்தகைய விக்கெட்டில் ஆடுவீர்கள், மட்டையை எங்கே வைப்பீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்வியொன்றைக் கேட்டிருந்தால் எங்கள் குடும்பத்தின் 87 நாட்கள் பிழைத்திருக்கும் என்பதை இன்றுவரை நான் எவரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

கம்பெனி, கம்பெனி என்கிறார்களே, அந்தப் பெயர் எதற்குச் சாட்சி என்பதைப் பொகவந்தலாவை மக்களுக்கு நான் விளக்கவேண்டியதே இல்லை. நம் தேயிலை ஸ்டோரில் அரைத்து, சலித்து, மூட்டை கட்டும் தூள், 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அங்கே பல கம்பெனிகளின் கொள்வனவாளர்கள் ஏலங் கேட்டு எடுத்து, தத்தம் கலவையில் கூட்டி, தத்தம் பெட்டியில் அடைக்கிறார்கள். ஒரே மலையின் கொழுந்து ஒரு பெட்டியில் ஒரு விலைக்கும் இன்னொரு பெட்டியில் மூன்று மடங்கு விலைக்கும் விற்கும். பி.ஓ.பி. என்றும் ஓ.பி. என்றும் தரம் பிரிப்பது இலையின் அளவைப் பார்த்தேயன்றி ருசியைப் பார்த்தல்ல என்பதும் ஸ்டோரில் வேலை செய்த எவருக்கும் தெரியும். மட்டையின் கதையும் அச்சொட்டாக இதுவே. உலகில் ஆடப்படும் இங்கிலீஷ் வில்லோவின் பெரும்பகுதியை எசெக்ஸில் 1894இல் தொடங்கப்பட்ட ஜே. எஸ். ரைட் அன்ட் சன்ஸ் என்னும் ஒரே மர நிறுவனம் பிளந்து, துண்டங்களாக அனுப்புகிறது. அத் துண்டங்கள் இந்தியாவில் மீரட்டுக்கும் ஜலந்தருக்கும், பாகிஸ்தானில் சியால்கோட்டுக்கும் போய்ச் சேர்ந்து, அங்குள்ள தச்சர்களின் கையால் மட்டையாகின்றன. அதே பட்டறைகளில் வேறு பெயர்களுக்காகச் செய்யப்படும் மட்டைகளும் உண்டு. பெயர் பின்னர் ஒட்டப்படுகிறது. முதல் தரம், இரண்டாந் தரம் என்னும் வகுப்புகளுக்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ரேகைகள் நேராக இருக்கின்றனவா, கறையோ புள்ளியோ இருக்கிறதா என்று பெரும்பாலும் கண்ணால் பார்த்தே பிரிக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சி போலப் படர்ந்த ஒரு கறையுள்ள மட்டை விலை இறங்கும். பந்துக்கு அந்தக் கறை தெரியாது.

இதற்கு மேலும் அத்தாட்சி வேண்டுமானால் 1996ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நம் நாடு லாகூரில் கிண்ணத்தைத் தூக்கிய அதே உலகக் கிண்ணத்தில் அதிக ஓட்டங்கள் குவித்தவர் சச்சின் டெண்டுல்கர், 523 ஓட்டங்கள். அவர் மட்டையில் அப்போது எந்தக் கம்பெனியின் பெயரும் இருக்கவில்லை. அதன் பிறகே எம்.ஆர்.எஃப். என்னும் மூன்றெழுத்து அதில் ஏறிற்று. அந்தக் கம்பெனியோ, 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பிள்ளைகளின் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர் டயர் செய்து பெயர் பெற்ற மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. டயர்க் கம்பெனியின் பெயரைப் பார்த்து மட்டை வாங்க ஆசைப்பட்ட ஒரு தலைமுறையே நம் லயங்களில் இருந்தது. வெண்ணிறத் தாளில் சிவப்பு எழுத்து எழுதி ஒட்டிய பையன்களை நான் கண்டித்திருக்கிறேன்.

இனி அந்த மட்டைக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை முடிந்தும் முடியாத பருவம். மலைநாட்டுப் பாடசாலை மைதானங்களில் புல்தரை விக்கெட் என்பது சொப்பனம். சீமெந்துக் கட்டின் மேல் மெட்டிங் விரித்துத்தான் ஆட்டம். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் விரிப்பு தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். பந்தும் நனைந்து ஊறும். நம் பாடசாலைகள் வாங்கும் மலிவான பந்துகளின் கடினத்தைச் சொல்லவும் வேண்டுமா? அத்தகைய விரிப்பின் மேல், பந்தை எதிர்நோக்கி ஒவ்வொரு முறையும் மட்டையின் நுனியைத் தட்டித் தட்டி நின்றால் அந்த நுனி வழியே ஈரம் மரத்துக்குள் ஏறும். மரத்தின் நார்கள் நுனியில்தான் வாய் திறந்து நிற்கின்றன. எண்ணெயும் பூசாமல், நுனிக்கு ரப்பர்க் காப்பும் ஒட்டாமல், “ஆயத்தமான” மட்டை என்று நாங்கள் ஆடக் கொடுத்தோம். எண்ணெய் வேண்டாம் என்று சொன்னவர் கடைக்காரர். அதைக் கொண்டுவந்து வீட்டில் சொன்னவன் மாத்திரமே நான். பையன் ஒரு போத்தல் ஆளிவிதை எண்ணெய் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டபோது, தெரிந்தவர் சொன்னதைக் கேள் என்று அவனை அடக்கியதும் அந்த நம்பிக்கையினாலேயே.

நுனி ஊதியது. கட்டைவிரலால் தடவினால் தெரியுமளவுக்கு வீங்கியது. அவ்வளவோடு விட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில நாள் சாய்த்து வைத்திருந்தால் அது தானே தணிந்திருக்கும். ஆனால் ஆட்டம் முடிந்து இரவு நனைந்து வந்து சேர்ந்த மட்டையைப் பார்த்த என் அக்காளுக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளையின் சீருடையையும், மழையில் நனைந்த கொங்காணியையும், கருவாட்டையும் எங்கே காயவைத்தாளோ, அங்கேயே, அடுப்புக்கு மேலே தொங்கும் பரணில், அந்த மட்டையையும் துணியால் துடைத்துப் பத்திரமாகக் கிடத்தினாள். லயத்து வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. எலி ஏறாது, ஈரம் அண்டாது. அன்று முதல் ஒவ்வோர் இரவும் அது அங்கேதான் உறங்கியது. பகலில் மூடுபனியைக் குடித்து, இரவில் விறகுச் சூட்டில் வற்றி, மறுநாள் மீண்டும் குடித்து, மீண்டும் வற்றியது. வில்லோ மரம் உயிரோடிருக்கும்போது ஆற்றங்கரையில் நிற்பது. வெட்டிய பின்னும் அதனுள்ளே ஓரளவு ஈரம், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு, தங்கியிருந்தால்தான் நார்கள் வளைந்து கொடுக்கும். அதையும் வற்றச் செய்தால் மட்டை இலேசாகும், ஓசை கணீரென்று வரும், பையனும் சந்தோஷப்படுவான். உள்ளே அது மொறுமொறுவென்று ஆகிக்கொண்டிருக்கும். எங்கள் பையன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். “மாமா, பெட் இப்பதான் திறக்குது” என்றான். நானும் அதனைத் தூக்கிப் பார்த்து ஆமோதித்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஓர் ஆட்டத்தில், பெயர் சொல்லும்படியான வேகமேதுமில்லாத ஒரு பையன் போட்ட யோர்க்கர் பந்து நுனியில் பட்டது. பட்ட சத்தம் மைதானத்தின் மறுகோடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. நுனியிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு மட்டை பிளந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். எதிரணிப் பிள்ளைகளுங்கூடத் தொட்டுப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். பயிற்றுநர் மாத்திரம், எண்ணெய் போட்டீர்களா என்று கேட்டார். வாங்கச் சொல்லும்போது சொல்லாததை உடைந்த பின் கேட்பதில் என்ன பிரயோசனம் என்று நான் அவரிடம் கேட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

கடைக்குப் போனேன். உத்தரவாதச் சீட்டை நீட்டினேன். அதே வாலிபர், அதே மரியாதை. சீட்டின் மறுபக்கத்தில் எறும்பெழுத்தில் இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். ஈரத்தால் வந்த சேதம், நுனியிலும் விளிம்பிலும் வந்த சேதம், யோர்க்கரால் வந்த சேதம், தரமற்ற பந்தால் வந்த சேதம் எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல. மட்டை உடைவதற்கு இவை தவிர்ந்த வேறு வழி எது என்று கேட்டேன். பிடி கழன்றால் கொண்டுவாருங்கள் சேர் என்றார். இத்தகைய உத்தரவாதங்கள் பெரும்பாலும் எல்லாக் கம்பெனியிலும் இவ்வாறே எழுதப்பட்டிருப்பதைப் பின்னர் விசாரித்தறிந்தேன். ஆகவே பெரிய பெயருக்குக் கொடுத்த அதிகப் பணத்தில் உத்தரவாதத்துக்கென்று ஒரு பங்கு போயிருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்காள் கேட்டதுதான் எனக்கு இன்றும் பதில் சொல்ல முடியாத கேள்வி. “இம்புட்டுக் காசு குடுத்து வாங்குன பொருளு, நம்ம வீட்டு அடுப்புச் சூட்டக்கூடத் தாங்காதா தம்பி?” குற்றம் அவளுடையதென்று உறவினரில் சிலர் வாய்கூசாமல் பேசினார்கள். வேறு சிலர், படித்த மனுஷன், பரணில் மட்டை கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதானே சாப்பிட்டுப் போனார் என்று என்னைச் சுட்டினார்கள். அந்த வீட்டில் நான் சாப்பிட்டது உண்மை. பரணை அண்ணாந்து பார்த்துச் சாப்பிடும் வழக்கம் எனக்கில்லை. கொழும்பு வீட்டின் அலமாரிக்கும், குளிரூட்டிய கடைக்கும், புல்தரை மைதானத்துக்கும் ஏற்ற ஒரு பொருளை, எவ்விடம் கொண்டுபோகிறீர்கள் என்று கேளாமல் மலைநாட்டுக்கு விற்றதே மூலகாரணம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிளந்த மட்டையை ஹட்டனில் ஒரு தச்சர் பசை வைத்து இறுக்கி நூல் சுற்றிக் கொடுத்தார். இன்றும் பயிற்சி வலைக்குள் அது உபயோகமாகிறது. ஆட்டத்துக்கு வேறொன்று வேண்டியிருந்தது. இம்முறை நான் எவருடைய பேச்சையும் கேட்கவில்லை. கிரிக்கெட்டை விட்டு வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட ஒருவரிடமிருந்து, ஏற்கெனவே ஒரு பருவம் ஆடப்பட்ட, பெயர்த்தாள் உரிந்துபோன, ரேகை எண்ணினால் ஆறே ஆறு உள்ள ஓர் இங்கிலீஷ் வில்லோ மட்டையை 20,000 ரூபாவுக்கு வாங்கினேன். ரேகை நெருங்கி நெருங்கிப் பத்துப் பன்னிரண்டு இருந்தால் அழகு, விலையும் அதிகம். அத்தகைய மட்டை விரைவில் பந்தைத் துள்ளவைக்கும், விரைவில் ஓய்ந்தும்போகும். அகன்ற ரேகை திறப்பதற்குத் தாமதமாகும், நெடுநாள் உழைக்கும். ஒருவர் ஆடிப் பழக்கிய மட்டையை வாங்கினால் அந்தத் தாமதமும் அவருடைய செலவில் கழிந்துவிடுகிறது. நுனியில் வெடிப்பில்லை, பிடியும் பலகையும் பொருந்துமிடத்தில் அசைவில்லை, எடை இரண்டரை இறாத்தலுக்குச் சற்றே கூட. பையன் இடக்கையொன்றால் மாத்திரம் தூக்கித் தோளுயரத்தில் நிறுத்தினான், கை நடுங்கவில்லை. இந்த ஒரு சோதனை போதும். டெண்டுல்கர் மூன்று இறாத்தல் மட்டையால் ஆடினார் என்று சொல்லிக் கனத்த மட்டை கேட்கும் பிள்ளைகளுக்கு, முதலில் டெண்டுல்கரின் முன்னங்கையைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள்.

பையனுக்கு வெட்கம். பெயரில்லாத மட்டையைப் பையிலிருந்து எடுக்கவே கூசினான். கடைகளில் ஸ்டிக்கர் மட்டும் தனியாக விற்கிறார்கள் மாமா, ஒட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான், விற்பதும் உண்மை. பெயரைத் தனியே வாங்கி எந்த மரத்திலும் ஒட்டலாம் என்றால் அந்தப் பெயருக்காக மரத்தின் விலையை மூன்று மடங்காக்கிக் கொடுப்பது எத்தகைய புத்தி என்று அவனிடம் கேட்டு, 1996இன் கதையையும் சொன்னேன். அந்தப் பருவத்தில் அரைச்சதமும் வந்தது, பூச்சியங்களும் வந்தன. பூச்சியம் வந்த நாட்களில் மட்டையின் பெயரைக் குறை சொல்ல எவராலும் முடியவில்லை என்பது ஓர் உபரி இலாபம்.

இங்கிலீஷ் வில்லோ அகப்படாதவர்கள் காஷ்மீர் வில்லோவுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் போகும் பெருந்தெருவில், பிஜ்பிஹாரா, சங்கம் என்னும் ஊர்களின் பக்கம், வீதியோரமெல்லாம் மட்டைத் துண்டங்களை அடுக்கி உலர்த்துகிறார்கள். அங்கிருந்து வரும் மரம் சற்றுக் கனமானது, திறக்கவும் பொறுமை வேண்டும், நம் மெட்டிங்குக்கும் நம் பந்துக்கும் அதன் முரட்டுத்தனம் பொருந்தும். 2022 ஒக்டோபர் 18ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் ஜீலோங்கில் நடந்த ரி-20 உலகக் கிண்ண ஆட்டத்தை நம் நாட்டவர் மறந்திருக்கமாட்டார்கள். சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன் ஐக்கிய அரபு அமீரகத்துக்காக நம்மவர் மூவரை அடுத்தடுத்து வீழ்த்தினாரே, அதே ஆட்டம். அதில் அமீரகத்தின் ஜுனைத் சித்தீக், பந்துவீச்சையே தொழிலாகக் கொண்டவர், நம் துஷ்மந்த சமீரவின் பந்தை 109 மீற்றருக்கு அடித்தார். அவர் கையில் இருந்தது காஷ்மீர் மட்டை. ஆட்டத்தில் வென்றது நாம்தான் என்றாலும், அந்த ஆறு ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பயிற்றுநரின் முகந்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மூங்கிலால் செய்தாலென்ன என்று எங்கள் தோட்டத்து இளைஞர் சிலர் யோசனை சொன்னார்கள். யோசனை மோசமில்லை, 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களே மூங்கில் மட்டை செய்து அது வில்லோவைவிட வலிதென்று காட்டினார்கள். ஆனால் பலகை மரத்தாலேயே ஆனதாயிருக்க வேண்டும் என்பது ஆட்டச் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி.யின் சட்டம், மூங்கில் புல்லினம் என்று தள்ளிவிட்டார்கள். அகலம் 108 மில்லிமீற்றர், விளிம்பு 40, கனம் 67 என்று 2017 முதல் சட்டம் எல்லைகட்டியிருப்பதால் எவ்வளவு பணம் கொட்டினாலும் அதற்கு மேற்பட்ட மட்டையை எந்தக் கம்பெனியாலும் தரமுடியாது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பராமரிப்பு யாவரும் அறிந்ததே; சுருங்கச் சொல்கிறேன். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை முகத்திலும் விளிம்பிலும் நுனியிலும் மெல்லிதாகப் பூசுங்கள், பிடி பொருந்துமிடத்தில் படவிடாதீர்கள், ஒரு நாள் படுக்கவைத்து மறுபடியும் பூசுங்கள். பிறகு மரச்சுத்தியலால் மெதுவாகத் தொடங்கி மொத்தம் ஆறு மணி நேரமாவது தட்டுங்கள். கடைக்காரர் தட்டியாயிற்று என்றாலும் தட்டுங்கள். நுனிக்கு ரப்பர் ஒட்டுங்கள். நனைந்தால் துடைத்து, அடுப்பில்லாத அறையில் சாய்த்து வையுங்கள். லயத்தில் அடுப்பில்லாத அறை ஏது என்று கேட்பீர்கள். எங்கள் பையனின் மட்டை இப்போது என் வீட்டில் இருக்கிறது.

தோட்டங்களில் சித்திரை வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் நடக்கும் சொஃப்ட்போல் போட்டிகளை மாத்திரம் ஆடும் இளைஞர்கள் இங்கிலீஷ் வில்லோ என்ற பேச்சையே எடுக்கவேண்டாம். அந்தப் பந்துக்கு அந்த மரத்தின் குணம் ஒன்றும் விளங்காது. முதுகுப் பக்கம் குடைந்த சாதாரண மட்டை போதும். வளர்ந்துகொண்டிருக்கும் சிறுவனுக்கு, அடுத்த வருஷமும் ஆகட்டுமே என்று பெரிய அளவில் வாங்கிக் கொடுப்பதும் கூடாது. அவன் குனிந்து குனிந்து குறுக்கே அடிக்கப் பழகிவிடுவான், பின் திருத்த முடியாது.

பெரிய கம்பெனி மட்டை எவருக்குமே தகாது என்று நான் சாதிக்கவில்லை. புல்தரையில், நல்ல பந்தில், வாரந்தோறும் முதல்தரக் கழக ஆட்டம் ஆடுபவருக்கு, பையில் மூன்று நான்கு மட்டைகள் வைத்திருப்பவருக்கு, ஒன்று உடைந்தால் உறக்கம் கெடாதவருக்கு அது தகலாம். அவர்களுக்கோ பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது.

118,000 ரூபாவில் ஒரு நல்ல காஷ்மீர் மட்டை, கம்பி மறைப்புள்ள தலைக்கவசம், கால்காப்பு, கையுறை யாவும் வாங்கியும் அணி முழுவதற்கும் ஒரு பருவத்துக்கான நல்ல பந்துகளுக்குப் பணம் மிஞ்சியிருக்கும் என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கை அக்காளிடம் நான் காட்டவில்லை. அதிபர்மாரிடம் ஒன்று கேட்கிறேன்: அணிக்குத் தெரிவான பிள்ளையிடம் இன்ன கம்பெனி மட்டை கொண்டுவா என்று எவரும் சொல்ல அனுமதிக்காதீர்கள், பாடசாலைப் பொதுப்பையில் எண்ணெய் பூசிய நாலு மட்டைகள் இருக்கட்டும். கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் ஒரு விண்ணப்பம்: ஊருக்கு ஏதாவது செய்ய விரும்பினால், தம்பிமாருக்குப் பெயர்பெற்ற மட்டை அனுப்பவேண்டாம். பொகவந்தலாவையில் மெட்டிங் விரிப்பு கிழிந்து கிடக்கிறது, அதனை அனுப்புங்கள்.